கைப்பிடியின் மேடு

பழைய இராணுவக் கைத்துப்பாக்கிகள் மலிவு விலைக்கு வந்திருப்பதை அறிந்து தயாபரன் ஒன்றை வாங்கினான். ஞாயிறுகளில் காகித வட்டங்களைச் சுடுவது அவனுக்குப் பொழுதுபோக்கு. ஆனால் ஒரு குண்டும் வட்டத்துக்குள் விழவில்லை. “மலிவெண்டு பழுதை வாங்கிப்போட்டாய், மச்சான்,” என்று கூடச் சுட வந்த குகன் சிரித்தான்.

தயாபரன் கைப்பிடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். ஒரே கை நெடுநாள் பிடித்த மரம் அந்தக் கைக்கு அச்சாகிவிடும். வியர்வை மரத்தை இளக்கும், விரல் அழுத்தும், அழுத்திய இடம் மெல்லக் குழியும். இதில் நடுவிரலுக்கு ஒரு குழி இருந்தது, சுண்டுவிரலுக்கு ஒரு குழி இருந்தது. இடையில் மட்டும் மரம் தேயாமல் மேடாக நின்றது. இதைப் பிடித்த சிப்பாய்க்கு மோதிரவிரல் இருந்திருக்கவில்லை. தன் விரல் அந்த மேட்டில் முட்டுவதால்தான் பிடி கோணுகிறது என்று விளங்கியதும், விரலைத் தூக்கிக்கொண்டு சுட்டான். குண்டு நட்டநடுவில் பாய்ந்தது. அடுத்ததும் அதே துளைக்குள் போனது. குகனின் சிரிப்பு நின்றது.

மாலையில் தேநீர் கொண்டுவந்த மனைவி சிவமலர், “இதென்னப்பா, ஒரு விரலைத் தூக்கி வைச்சுக்கொண்டு?” என்றாள்.

மடக்கப் பார்த்தான். மற்ற விரல்கள் மடங்கின.

“விளையாடாதேங்கோ,” என்று அவளே அதை மடக்கிவிட்டாள். கையை எடுத்ததும் அது மறுபடி நிமிர்ந்தது. கொதிக்கும் கோப்பையில் அதை வைத்து அழுத்தினான், சூடு தெரியவில்லை.

“கலியாண மோதிரம் எங்க?” என்று கேட்டாள் சிவமலர்.

தயாபரன் குனிந்து பார்த்தான். இத்தனை வருடம் மோதிரம் கிடந்த வெளிறிய தடம்கூட அந்த விரலில் இல்லை.