பெரிய ஹாரன்

பட்டறைக்காரர் பழைய ஹாரனைக் கழற்றி, ஒயரைப் பாட்டரியில் தொட்டுப் பார்க்கிறார். அது நன்றாகவே அலறுகிறது. "இதுக்கு என்னண்ணே கேடு? செத்தவனே எழுந்து உட்காருவான்." "தொண்டை கட்டிப்போச்சு தம்பி. பெரிசாப் போடு," என்கிறார் டாக்சிக்காரர். அவர் கண் சாலைக்கு அந்தப் பக்கம் போகிறது. அங்கே குழாயடியில் அவர் மனைவி முதுகைக் காட்டிக் குனிந்து சாப்பாட்டு டப்பாவைக் கழுவுகிறாள். முடியில் ஒட்டிய பஞ்சு மாலை வெயிலில் மினுங்குகிறது. தறி இரைச்சலிலேயே பாதி ஆயுளைக் கழித்தவள். ஷிப்ட் விட்டதும் ஆலை வாசலில் இவர் ரெண்டு தடவை ஹாரன் அடிப்பார். ஒரே நிற உடுப்பில் வரும் கூட்டத்தில் ஒரு தலை மட்டும் சிரிப்போடு திரும்பும். கொஞ்ச நாளாய் அந்தத் தலை திரும்புவதில்லை. கிட்டே போய்த் தோளைத் தொட்டால் திடுக்கிடுகிறாள். காது என்ற பேச்சை வீட்டில் இருவருமே எடுக்கவில்லை. ஹாரன்தான் மட்டம் என்று இவர் சொன்னார். அவளும் ஆமாம் என்றாள். புதியதை முடுக்கிவிட்டு, "இப்ப அடிங்கண்ணே," என்கிறார் பட்டறைக்காரர். இவர் டாக்சிக்குள் உட்கார்ந்து உள்ளங்கையால் ரெண்டு தடவை அழுத்துகிறார். கம்பியில் இருந்த காகங்கள் கலைகின்றன. "ஏன்யா, இருக்கிற ரெண்டு பல்லும் ஆடிப்போச்சு," என்று பழக்கடைக்காரி ஏசுகிறாள். குழாயடியில் மனைவி டப்பாவைக் கவிழ்த்துத் தண்ணீரை உதறுகிறாள், குனிந்து மூடியைத் தேடுகிறாள். இவர் கை ஹாரன் மேலேயே இருக்கிறது. "தம்பி, இதைவிடப் பெரிசு இருக்கா?" "இனிமே கப்பலுக்குப் போடுறதுதாண்ணே." "விசாரிச்சு வை," என்கிறார், அந்த முதுகைப் பார்த்தபடியே.