சாயங்காலக் களிம்பு

பங்குனி வெயிலில் நெல்லிவாசல் பாறைகள் தகதகக்கின்றன. புளியமர நிழலில் செல்லியம்மாள் முக்காட்டை விலக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். பிறவியிலேயே பால் போல வெளுத்த உடம்பு, புருவம்கூட வெள்ளைதான். காதோரத்தில் மட்டும் சிவப்பாக ஒரு புண். ஜீப்பில் வந்திறங்கிய நர்ஸ் பூங்கோதை அதையே உற்றுப் பார்க்கிறாள். பக்கத்தில் பெண்கள் புளியம்பழம் தட்டும் சத்தம் டக், டக்கென்று கேட்கிறது. "தை மாசம் குடுத்த வெயில் களிம்பு இன்னாச்சுக்கா?" செல்லியம்மாள் பெருமையாக மடியை அவிழ்க்கிறாள். அடிவரை பிதுக்கிச் சுருட்டிய டியூப். "ஒரு நாள் வுடலீங்க நர்சம்மா. தெனம் பொழுது சாஞ்சி வூட்டுக்கு வந்ததும் மொகம், காது, கழுத்துன்னு பூசிக்குவேன். இந்தப் புண்ணுதான் ஆறாம அடம் புடிக்குது." நர்ஸ் நிமிர்கிறாள். "காலையில, காட்டுக்குப் போறதுக்கு முன்னாடி பூசச் சொன்னேனே!" செல்லியம்மாளுக்குச் சிரிப்பு வருகிறது. "எரியறதுக்கு முன்னாடி எவளாச்சும் மருந்து பூசுவாளா?" புளி தட்டும் பெண்களும் சிரிக்கிறார்கள். நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவள் விரல் புண்ணின் தடித்த ஓரத்தைத் தொட்டு, மெல்லக் கழுத்துக்கு இறங்கி, ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. "இது எத்தினி நாளா இருக்கு?" "எதுங்க?" செல்லியம்மாள் தானே தடவிப் பார்க்கிறாள். தோலுக்கடியில், வலியே இல்லாமல், புளியங்கொட்டை அளவில் ஏதோ கெட்டியாக நிற்கிறது. தட்டும் சத்தம் ஓய்ந்துவிட்டது. நிழல் நகர்ந்து வெயில் அவள் பாதத்தில் ஏறுகிறது. காலை இழுத்துக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை.