சத்தத்தை நிறுத்திய பிறகு

நேசமலர் ஸ்பீக்கரின் வயரைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"இண்டைக்கு என்ரை குரல் வராது, பிள்ளை. நீர்தான் வாசிக்கப்போறீர்."

சாம்பவி தலையாட்டினாள். பதினொரு வயது. எழுத்தெல்லாம் தெரியும். ஆனால் ஒரு வரியின் முடிவுக்கு வருவதற்குள் அதன் தொடக்கம் அவளுக்கு மறந்துபோய்விடும்.

அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகத்தான் கொழும்பு வெள்ளவத்தையில் இந்த மாடி அறையும், யாரோ கொடுத்த பழைய கொம்பியூட்டரும். திரையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு வரி, பெரிய எழுத்தில் வரும். நேசமலர் பதிந்து வைத்த குரல் அதை வாசிக்கும். பட்டனை அழுத்தினால் அடுத்த வரி.

எட்டு மாதம் நன்றாகத்தான் போனது. போன கிழமை ஒருநாள் கரண்ட் போய்த் திரை அணைந்தது. சாம்பவி நிறுத்தவில்லை. பாடத்தைக் கடைசிவரை தடங்கலில்லாமல் சொல்லி முடித்தாள்.

பிள்ளை இத்தனை நாளும் வாசிக்கவில்லை, கேட்டதை மனப்பாடமாக்கியிருக்கிறாள் என்று நேசமலருக்குப் பயம் பிடித்தது.

பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு தரம் கேட்டுவிட்டார்கள். வாசித்து விளங்கிக்கொள்வாள் என்று நேசமலர் எழுதிக் கொடுத்தால் தை மாதம் ஆறாம் ஆண்டுக்கு ஏற்றுவார்கள். இல்லாவிட்டால் வேறு இடம் பார்க்கச் சொல்வார்கள்.

சாம்பவி காதால் ஒருதரமும் கேட்டிராத ஏதாவது வேண்டும். வாசிக்க அவளுக்கு ஆசையாகவும் இருக்கவேண்டும்.

தகப்பன் சிவபாலன் யாழ்ப்பாணத்தில். சண்டையால் தரைப் பாதை பூட்டியிருந்த காலம். கடிதமென்றாலும் ஆளென்றாலும் கப்பலில்தான் வரவேண்டும். நேற்று ஒரு கடிதம் வந்ததாகவும், பிள்ளைக்கு இன்னும் வாசித்துக் காட்டவில்லை என்றும் தாய் சிவமணி சொன்னாள்.

நேசமலர் அதைத் தரச் சொல்லிக் கேட்டபோது சிவமணி தயங்கினாள். புருசன் எழுதிய கடிதம், கூச்சம் இருக்கும்தானே என்று நேசமலர் நினைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சிவமணி தானாகவே உறையை நீட்டினாள்.

ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் நேசமலர் அதை அப்படியே கொம்பியூட்டரில் அடித்து வைத்திருந்தாள்.

சிவமணி யன்னலோரம் போய் இருந்தாள். முதல் வரி வந்தது. சாம்பவியின் விரல் திரையில் மெல்ல ஊர்ந்தது.

'பின் அறைக் கூரை ஒழுகுகிறது. ஓலை போட்டிருக்கிறேன்.'

அடுத்த வரிக்கு அவளுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்தது.

'ஆடு இரண்டு குட்டி போட்டது. கறுப்புக் குட்டி கொடியில் காயப்போட்ட என் சாரத்தில் பாதியைத் தின்றுவிட்டது.'

சாம்பவி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இந்த இடத்தில் சிரிக்கவேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

'கப்பல் பட்டியலில் இந்த முறையும் என் பெயர் இல்லை.'

பட்டனை அழுத்தப்போன விரல் அப்படியே நின்றது. "அப்பா பொங்கலுக்கு வரமாட்டார்," என்றாள் சாம்பவி.

பொங்கல் என்ற சொல்லே கடிதத்தில் இல்லை.

'இப்படிக்கு, சிவபாலன்.'

அவள் பட்டனை அழுத்தினாள். வெறும் திரை. திரும்பவும் அழுத்தினாள்.

முடிந்துவிட்டது என்று நேசமலர் சொன்னாள்.

"இல்லை, மிஸ். எனக்கெண்டு அப்பா எழுதிற வரி இன்னும் வரேல்லை. 'சாம்பவிக்குட்டிக்கு அப்பாவின்ரை ஆயிரம் முத்தம்.' எல்லாக் கடிதத்திலையும் கடைசியா வரும். அம்மா வாசிக்கிறவ."

நேசமலர் கடிதத்தை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தாள். சிவபாலன் என்ற பெயரோடு அது முடிந்திருந்தது.

யன்னலோரம் இருந்த சிவமணியைத் திரும்பிப் பார்த்தாள். அவள் குனிந்த தலை நிமிராமல் கைப்பையின் சிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

அந்த வரி ஒருநாளும் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்ததில்லை. அது வெள்ளவத்தையிலேயே பிறந்தது.

பாடமாக்கும் பிள்ளையென்றால் அந்த வரியையும் சேர்த்து ஒப்புவித்திருப்பாள். இவளோ அது இல்லை என்று கண்டுபிடித்துவிட்டாள். பள்ளிக்கூடத்துக்கு இன்றைக்கே எழுதிவிடலாம். நேசமலருக்கு நெஞ்சு நிறைந்தது. அதே நேரம் சிவமணியின் பக்கம் பார்க்க முடியாமலும் இருந்தது.

சாம்பவி கடிதத்தை வாங்கி அதன் அடியைப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்தாள். கனநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இந்தமுறை அப்பா அவசரத்தில் எழுத மறந்திருப்பார் என்று சொல்ல நேசமலர் வாயெடுத்தாள். அதற்குள் சாம்பவி எழுந்துவிட்டாள்.

கடிதத்தை முன்பிருந்த மடிப்பிலேயே மடித்தாள். தாயின் மடியில் வைத்தாள்.

"வீட்டை போய் ஒருக்கா நீங்கள் வாசியுங்கோ, அம்மா. முழுசா. என்ரை வரியோடை."