மேனேஜரின் துண்டு

ஊர் கிரிக்கெட் அணியின் மேனேஜர் பால்ராஜ் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தால், அடுத்த பந்திலேயே விக்கெட் விழுந்தது. ஒரு ஆட்டம் விடாமல் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று பார்க்கும் தனுஷ்கோடி இந்த சீசன் முழுக்க இதைக் கவனித்துவந்தார். வெளியே போகிற பந்தைப் போகவிட்டால் என்ன குறைந்துவிடும்? ஊர் அணியில் ஒருவனுக்கும் பொறுமை கிடையாது. மட்டையை வீசி, கேட்ச் கொடுத்துவிட்டு வந்தார்கள். இவ்வளவு ஒழுங்காக யாரும் தோற்கமாட்டார்கள். பால்ராஜ் எதிரணியிடம் விலைபோய்விட்டார், துண்டுதான் சைகை என்று தனுஷ்கோடி முதல் ஆட்டத்திலேயே முடிவுகட்டினார். அதனால் துண்டு எழும்போதெல்லாம், ‘தொடாதே, விட்டுடு’ என்று எச்சரிக்க, இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார்.

இன்றும் துண்டு எழுந்தது. விசிலடித்தார். ரபீக் கண்ணை மூடிக்கொண்டு சுற்றினான். பந்து எல்லைக்கோட்டருகே நின்றவனின் கையில் போய் உட்கார்ந்தது. திரும்பி வந்தவனைத் தனுஷ்கோடி மறித்தார்.

“அவன் துண்டத் தூக்குனா அவுட் ஆகணும்னு பேசி வச்சிருக்கீங்களாடா?”

“எந்தத் துண்டுண்ணே?” ரபீக் விழித்தான். “நீங்க விசிலடிச்சா சிக்ஸர் கேக்குறீங்கன்னுதான நாங்க சுத்துறோம்.”

பால்ராஜ் மறுபடியும் துண்டை எடுத்தார். புதிதாக இறங்கிய ஆட்டக்காரன் பந்துவீச ஓடி வருகிறவனைப் பார்க்கவில்லை. தனுஷ்கோடியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.