காத்தான் சொன்ன காரணங்கள்

“காத்தான், கட்டுரை எங்க சாமி?” என்று கேட்டார் அருணா மேடம்.

கடைசி பெஞ்சில் ஒரு தலை கவிழ்ந்தது. “எழுதிட்டேனுங்க மேடம். மலையில இருந்து இறங்கயில, அஞ்சாவது வளைவுல பஸ் நின்னுச்சுங்க. குரங்கு பிடுங்கிட்டுப் போயிருச்சு.”

“போன வாரம்?”

“மரவள்ளிக் காட்டுல பன்னி பூந்திருச்சுங்க. காவலுக்குப் போயிட்டேன்.”

“அதுக்கு முந்தின வாரம்?”

“பலாப்பழம் தின்னு வயித்து வலிங்க.”

“பொய்யுங்க மேடம்,” என்றது பக்கத்து பெஞ்ச். “வயித்து வலி வந்தது எனக்கு.”

வகுப்பே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை.

“சாயங்காலத்துக்குள்ள கட்டுரை வரலைன்னா பரீட்சை எழுத முடியாது.”

“ஐயோ மேடம், ஊட்டுல திட்டுவாங்க.”

“யாரு திட்டுவாங்க?”

“என்ற பொண்ணுங்க ரெண்டு பேரும். காலேஜ்ல படிக்கிறாங்க. என்ற பள்ளிக்கூடத்துக்குத் தெரிஞ்சா இன்னும் கேவலமுங்க. நான் அங்க ஹெட்மாஸ்டரு.”

அந்த ஞாயிற்றுக்கிழமை எம்.எட். வகுப்பில் இருந்த எல்லாரும் இருபது வருஷம் பாடம் நடத்திய வாத்தியார்கள். அந்தக் கேவலம் எப்படிப்பட்டது என்று அவர்களுக்குப் புரிந்தது. சிரிப்பு நின்றது.

மேடம் கரும்பலகையைக் காட்டினார். “கட்டுரைத் தலைப்பை வாசிங்க.”

“மலைப் பள்ளி மாணவர்கள் வீட்டுப்பாடம் செய்யாததற்கான காரணங்கள்.”

“இப்ப எங்கிட்டச் சொன்னீங்களே, அதையெல்லாம் அப்படியே எழுதிக் குடுங்க. போதும்.”

காத்தான் வாத்தியார் முகம் மலர்ந்து நிமிர்ந்தார். சட்டைப் பையைத் தடவினார். மறுபடியும் தலை கவிழ்ந்தது.

“பேனா கொண்டு வரலீங்க மேடம்.”