கொழுப்பு குறைந்தது

“கொழுப்பு நல்லாவே குறைஞ்சிருக்கு. சாப்பாட்டுல என்ன மாத்தினீங்க, உல்பியோ?” ரத்தப் பரிசோதனைத் தாளைத் தட்டியபடி டாக்டர் கேட்டார்.

“ஒண்ணும் மாத்தல டாக்டர். காலையில பன்றிக்கறி வறுவல் வச்ச வாழைக்காய் உருண்டை ரெண்டு. அக்காவையே கேளுங்க.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சொராய்தா தலையாட்டினாள். மாந்தா துறைமுகத்தில் மீன் இறக்கும் தம்பிக்கு அவள்தான் பொங்கிப் போடுகிறாள்.

“அப்ப அந்த மூச்சு மெஷினா இருக்கலாம். ஆறு மாசமா முகமூடி போட்டுத் தூங்குறீங்கல்ல? தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வந்தா, கொழுப்பும் ஏறலாம். அதைச் சரிபண்ணினா சிலருக்குக் கொஞ்சம் இறங்குது.”

சொராய்தாவுக்குக் காது மடல் கொதித்தது.

“இதே மேசை முன்னாடி உட்கார்ந்து சொன்னேனே! தூங்கும்போது மூச்சு நிக்குது, மூக்குல விரல் வச்சுப் பார்க்கிறேன்னு சொன்னேனே! குறட்டை விடாத ஆம்பள உண்டா, காதுல பஞ்சு வச்சுக்கோன்னு சிரிச்சீங்களே!”

உல்பியோ அவள் கையைப் பிடித்தான். உதறினாள்.

டாக்டர் குழம்பினார். “எப்பம்மா சொன்னீங்க? இவர் வந்ததே போன வருஷம்தானே?”

“இவனைச் சொல்லல. என் புருஷன் டெல்மோவைச் சொல்றேன்.”

அந்தப் பெயர் டாக்டருக்கு நினைவில்லை. அது முகத்திலேயே தெரிந்தது.

மேசையில் ஓங்கி அறைந்துவிட்டு எழுந்தாள்.

தெருவில் இறங்கியும் ஆத்திரம் அடங்கவில்லை. “விடுக்கா, அந்த ஆளுகிட்ட என்னத்தப் பேச” என்று தம்பி பின்னாலேயே ஓடிவந்தான். அவள் திரும்பவில்லை.

டாக்டர் பேச்சைக் கேட்டு ஆறு வருடம் டெல்மோவுக்கு வேகவைத்த பூசணியும் உப்பில்லாத மீனும்தான் வைத்தாள். ஆனாலும் ஒவ்வொரு பரிசோதனையிலும் கொழுப்பு ஏறியே வந்தது.

ஒவ்வொரு முறையும் அவன் சட்டையை முகர்ந்து பார்த்தாள்.

“எங்க போய்த் திருடித் தின்னே?”

அம்மா மேல் ஆணையாக இல்லை என்பான்.

தூங்கியவன் எழுந்திருக்காமலே போனானே, அதற்கு முந்தின சாயங்காலமும் கொழுப்பு ஏறிய ஒரு தாள் வந்திருந்தது. பிள்ளைகள் முன்னால் அவனைத் திருடன் என்றாள்.

அன்று அவன் ஆணையிடவில்லை. தட்டில் இருந்ததைத் தின்றுவிட்டுப் படுக்கப் போனான்.