குவாரிக்குள் ஒரு முகூர்த்தம்

இப்போதெல்லாம் முகூர்த்த நாளில் கல்குவாரி கிடைப்பதே கஷ்டம். தங்கப்பழத்துக்குக் கிடைத்தது. மூத்த மகள் கல்யாணத்தில் கட்சித் தலைவர் வாழ்த்திப் பேசி முடிப்பதற்குள் நல்ல நேரம் போய்விட்டது. அதனால் இளையவள் பவளமணிக்கு, குவாரித் தண்ணீருக்கு அடியில் இருக்கும் மண்டபம். அங்கே எல்லோர் வாயிலும் மூச்சுக்குழாய்.

தலைவர் அசரவில்லை. நீச்சல் உடுப்பின்மேல் கட்சித் துண்டோடு இறங்கி, கையை வீசி வீசிக் குமிழிகளாகப் பேசினார். போர்த்திய பொன்னாடை மேலே மிதந்து போனது. நேரத்துக்குத் தாலி ஏறியது.

கரையேறியதும் தலைவர் கேட்டார்: “பேச்சு எப்படிய்யா?”

“ஒரு வார்த்தை குறை சொல்ல முடியாதுண்ணே!” என்றார் தங்கப்பழம்.

“முன்னுரைதான்யா முடிஞ்சிருக்கு. மைக்கக் கொண்டா.”

“குழாய மாட்டுங்க!” என்று மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தாள் பவளமணி. இரு வீட்டுச் சொந்தமும் பின்னாலேயே தண்ணீரில் குதித்தது.